அழைப்பவருக்கும் பங்கு உண்டு: கும்மிடிப்பூண்டிச் சாலைகளில் கைபேசி

திருவள்ளூர் மாவட்டத் தொழிற்பேட்டைகளுக்குச் செல்லும் சாலைகளில், ஓட்டுநரின் கைபேசி பெரும்பாலும் வேலை நிமித்தமாகவே ஒலிக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு லோடு ஏற்றிவரும் டிரைலர் ஓட்டுநரை, "வண்டி எங்க வருது?" என்று டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் கேட்கும். சற்று நேரத்தில் அதையே ஆலையின் சூப்பர்வைசர் கேட்பார். ஷிப்ட்டுக்குப் பைக்கில் விரைபவரை உடன் வேலை செய்பவர் அழைப்பார். கைபேசிக் கட்டுப்பாடு ஓட்டுநரோடு முடிவதில்லை. அழைப்பவருக்கும் அதில் பொறுப்பு உண்டு.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. திரையில் ஒரு செய்தியைப் படிக்க 5 நொடி ஆனால், 80 மீட்டருக்கு மேல் சாலையைப் பாராமலே ஓட்டியதாகிறது. சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் அந்தத் தூரத்துக்குள் விளக்கில்லாமல் ஓரமாக நிற்கும் லாரியும் வரலாம், ஷிப்ட் முடிந்து சாலையைக் கடப்பவரும் வரலாம். கையில் பிடிக்காமல் பேசினாலும் கவனம் பேச்சில்தான் இருக்கும். கைபேசி பயன்படுத்தும் ஓட்டுநர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹேண்ட்ஸ்ஃப்ரீ பெரிய பாதுகாப்பு அல்ல என்றும் அது கூறுகிறது.

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, ஓட்டும்போது கைபேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்துவதை அபாயகரமான ஓட்டுதலில் சேர்த்தது. முதல் குற்றத்துக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் 2020இல் விதி இடமளித்தது.

ஆகவே முன்னேற்பாடு வண்டியை எடுக்கும் முன்பே தொடங்க வேண்டும். போகுமிடத்தை மேப்பில் பதிந்து, கைபேசியைச் சாலையை மறைக்காத ஹோல்டரில் பொருத்தி, வழியைக் குரலில் கேட்பது நல்லது. 'வண்டி ஓட்டுகிறேன், நிறுத்திவிட்டு அழைக்கிறேன்' என்ற தானியங்கிப் பதிலைப் பெரும்பாலான கைபேசிகளில் அமைக்கலாம். லாரியில் கிளீனர் இருந்தால் அவரே அழைப்பை எடுக்கட்டும். பேசியே ஆக வேண்டுமென்றால் பெட்ரோல் பங்க் போன்ற பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிறுத்துவது பின்னால் வருபவருக்கு ஆபத்து.

பைக்கில் ஆபத்து இன்னும் நெருக்கமானது. ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே செருகிய கைபேசி ஒரு பள்ளத்தில் நழுவும்போது, அதைப் பிடிக்கக் கை தானாக ஹேண்டில்பாரை விடுகிறது. காதும் அடைபட்டிருப்பதால் பின்னால் வரும் கன்டெய்னர் லாரியின் ஹாரன் சரியாகக் கேட்பதில்லை.

நிறுவனங்களும் வழக்கத்தை மாற்ற வேண்டும். வண்டியின் ஜிபிஎஸ் இருப்பிடத்தைக் காட்டும்போது ஓட்டுநரை அழைக்கத் தேவையில்லை. ஜிபிஎஸ் இல்லாத வண்டிக்கு, செங்குன்றம், கவரைப்பேட்டை போன்ற இடங்களில் நின்று தகவல் தரும்படி முன்பே பேசிக்கொள்ளலாம். "ஓட்டிக்கிட்டிருக்கேன்" என்று பதில் வந்தால் உடனே துண்டிப்பதே அழைத்தவரின் கடமை. வீட்டாருக்கும் இது பொருந்தும்.

விபத்தைக் கண்டால் வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்திய பிறகே கைபேசியை எடுக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108, பொது அவசர உதவிக்கு 112, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் வண்டி சென்ற திசையையும் சொன்னால் உதவி விரைந்து வரும்.