பிள்ளை பேசும் சொல் பெற்றோருக்குப் பிடிக்காதபோது

காய்ச்சலுக்கும் சளிக்கும் எங்கள் குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவுக்கு வரும் பெற்றோர், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழும்போது தயங்கி நின்று கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “டாக்டர், இவன் பேச்சு பட்டிக்காட்டுப் பேச்சாக இருக்கிறது. மாற்ற முடியுமா?” சிலர், பிள்ளை கெட்ட வார்த்தை பேசுவதாகச் சொல்வார்கள். வேறு சிலர், கைப்பேசிப் படத்தில் வரும் பாத்திரத்தைப் போலவே இழுத்துப் பேசுகிறாள் என்பார்கள். கேள்வி சிறியது. ஆனால் அதற்காக வீட்டில் எடுக்கப்படும் முடிவு சில வேளைகளில் குழந்தையின் பேச்சு வளர்ச்சியையே பாதிக்கிறது. ஆகவே இதனைச் சற்று விரிவாக விளக்குகிறோம்.

ஒரு குழந்தையின் அனுபவம்

எங்களிடம் வந்த ஓர் ஆண் குழந்தைக்கு வயது இரண்டரை. பெற்றோர் இருவரும் நகரில் வேலை பார்ப்பவர்கள். பகலில் அவனைப் பார்த்துக்கொண்டவர், நடவும் களையெடுப்புமாக வாழ்ந்த அவனுடைய அப்பாயி. மழலையர் பள்ளியில் சேர்த்த சில நாள்களில் அவன் “கொல்லைக்கு வருது” என்றிருக்கிறான். வெளியூரிலிருந்து வந்த ஆசிரியைக்கு அது புரியவில்லை; ஆடை அழுக்காயிற்று. பெற்றோர் கூனிக் குறுகிப் போயினர். அப்பாயியை ஊருக்கு அனுப்பிவிட்டு, நல்ல ஆங்கிலமாவது வரட்டும் என்று கைப்பேசியில் ஆங்கிலப் பாடல்களை ஓடவிட்டனர்.

மூன்று மாதம் கழித்து வந்தபோது அவர்கள் சொன்ன குறை வேறு. “இப்போது பேசுவதே குறைந்துவிட்டது.” குழந்தை நிறங்களையும் எண்களையும் ஆங்கிலத்தில் ஒப்பித்தான், தண்ணீர் வேண்டுமானால் வாய் திறந்து கேட்காமல் தாயின் கையைப் பிடித்து இழுத்தான். செவித்திறனையும் வளர்ச்சிப் படிகளையும் சோதித்தோம். குறை ஏதும் இல்லை. நாள் முழுதும் தன்னோடு பேசிக்கொண்டிருந்த ஒருவரை அவன் இழந்திருந்தான். கைப்பேசியை நிறுத்தி அப்பாயியைத் திரும்ப அழைக்குமாறு சொன்னோம். சில வாரங்களில் பேச்சு மெல்லத் திரும்பியது.

காது முதலில் கற்கிறது

பேச்சு வாயில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது. கருவில் இருக்கும்போதே குழந்தை தாயின் குரலைக் கேட்கிறது. பிறந்த பின் முதல் சில மாதங்களில் எந்த மொழியின் நுண்ணிய ஒலி வேறுபாட்டையும் அதனால் உணர முடியும். கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகியோர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாத வயதில், நம் தகரத்தையும் டகரத்தையும் ஒத்த இந்தி ஒலிகளைப் பிரித்து உணர்ந்தன. 10 முதல் 12 மாதத்திற்குள் பெரும்பாலான குழந்தைகளிடம் அத்திறன் மங்கிவிட்டது. அன்றாடம் கேட்கும் ஒலிகளைக் காது வைத்துக்கொள்கிறது; கேளாதவற்றை விட்டுவிடுகிறது.

அமெரிக்காவில் பட்ரீசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியை 12 அமர்வுகளில் கேட்கச் செய்தனர். நேரில் அமர்ந்து பேசி விளையாடியவரிடமிருந்து குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைக் கற்றன. அதே நபர் பேசியதைப் படமாகப் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. குழந்தைக்கு மொழி தருவது திரை அன்று. தன் முகம் பார்த்து, தான் ஒலித்ததற்கு மறுமொழி சொல்லும் மனிதர். அவருடைய சொல்லும் இழுப்பும் குழந்தைக்கு வருவது இயல்பே.

‘வூடு’ தவறான தமிழா?

பிள்ளை ‘வீடு’ என்னாமல் ‘வூடு’ என்கிறான் என்று வருந்தும் பெற்றோரே, ‘பிடி’யைப் ‘புடி’ என்றும் ‘பெட்டி’யைப் ‘பொட்டி’ என்றும் ‘பெண்’ணைப் ‘பொண்ணு’ என்றும் பேசுவதைக் கேட்கிறோம். ப, ம, வ ஆகியவை உதட்டின் துணையால் பிறப்பவை. அவற்றோடு இகரமோ எகரமோ சேர்ந்து, அடுத்து ட, ண, ள போன்ற நாவை வளைக்கும் ஒலி வந்தால், பேச்சுத் தமிழில் உதடு குவிந்து உகரமும் ஒகரமும் கேட்கும். ‘வூடு’ என்பதும் அதே விதியின் விளைவுதான். குழந்தை விதியை மீறவில்லை, சரியாகக் கற்றிருக்கிறது.

அந்தக் குழந்தையின் ‘கொல்லை’யும் அத்தகையதே. காவிரிப் படுகையில் கொல்லை என்பது வீட்டின் பின்புறம். மலங்கழிப்பதை நேரே சொல்லக் கூசி, போகும் இடத்தைச் சொல்லும் நாகரிக வழக்கு அது. இலக்கணம் இதனை இடக்கரடக்கல் என்னும். வட்டாரச் சொற்களுக்குத் திசைச்சொல் என்று பெயரிட்டுச் சொல்வகை நான்கனுள் ஒன்றாகத் தொல்காப்பியம் இடம் கொடுத்திருக்கிறது.

ஆகவே அவன் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. இன்னொரு சொல்லைச் சேர்த்தால் போதும். “அப்பாயியிடம் கொல்லை என்று சொல்; பள்ளியில் டாய்லெட் என்று சொல்” என்றால் மூன்று வயதுக்குள் பிள்ளைகள் பிரித்துக்கொள்வார்கள். மராத்திய ஆட்சிக் காலத்தில் குடியேறியவர்களின் வழியினர் வீட்டில் மராத்தியும் தெருவில் தமிழும் பேசி வளர்ந்த ஊர் தஞ்சாவூர். பள்ளிப் பருவத்தில் பிள்ளையின் பேச்சு உடன் பயிலும் பிள்ளைகளின் பேச்சை ஒட்டி மீண்டும் மாறும்.

திரையிலிருந்து வரும் சொற்கள்

மூன்று வயதுக்கு மேல் திரையிலிருந்தும் சொற்கள் ஒட்டிக்கொள்ளும். 2007-இல் தொடங்கிய சுட்டி டிவியில் ‘டோராவின் பயணங்கள்’ பார்த்த பிள்ளைகள் அதே மொழிபெயர்ப்புத் தமிழில் பேசியது பலருக்கு நினைவிருக்கும். தம் பிள்ளைகள் யூடியூப் பார்த்து பிரேசில் நாட்டுப் போர்த்துகீசியம் பேசுகிறார்கள் என்று போர்ச்சுகல் பெற்றோர் கவலைப்பட்ட செய்தி 2021-இல் வெளியாயிற்று. அந்தச் சொற்களால் கேடில்லை. திரை விழுங்கும் நேரத்தால்தான் கேடு. 2 வயது வரை திரை வேண்டாம், 2 முதல் 5 வயது வரை பெரியவர் துணையோடு நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மிகாமல் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. தொலைவிலுள்ள உறவினருடன் வீடியோ அழைப்பில் பேசுவது இதில் சேராது.

கெட்ட வார்த்தை வந்தால்

இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதன் பொருள் தெரியாது. அதைச் சொன்னதும் வீடே திரும்பிப் பார்க்கிறது என்பது மட்டும் தெரியும். சிரித்தாலும் அடித்தாலும் அச்சொல் வலுப்பெறும்.

• முகமாற்றம் காட்டாமல் பேச்சை வேறு திசைக்குத் திருப்புங்கள்.
• கோபத்தைச் சொல்ல “எனக்குக் கோவம்”, “வேண்டாம்” போன்ற மாற்றுச் சொல்லைக் கொடுங்கள்.
• வீட்டிலுள்ள அனைவரும் ஒன்றுபோல் நடந்துகொள்ளுங்கள். ஒருவர் கண்டிக்க, மற்றவர் விருந்தினர் முன் சொல்லச் சொல்லி ரசிப்பது கூடாது.
• வாயில் மிளகாய் தேய்ப்பதும் சூடு வைப்பதும் ஒருபோதும் கூடாது. மிளகாய்ப் பொடி கண்ணைப் புண்ணாக்கும். மூச்சுக்குழலில் சென்றால் உயிருக்கே ஆபத்து.

எப்போது எங்களிடம் வர வேண்டும்?

பிடிக்காத சொல் பேசுவது நோயன்று. கீழ்க்கண்டவற்றுள் ஒன்று இருந்தாலும் காலம் தாழ்த்த வேண்டாம்.

• 12 மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை. ‘பா-பா’, ‘மா-மா’ போன்ற ஒலிகள் இல்லாமை.
• 18 மாதத்தில் பொருளுள்ள ஒரு சொல்லும் இல்லாமை.
• 24 மாதத்தில் “அம்மா வா” என்பதுபோல் இரு சொல் சேர்த்துப் பேசாமை.
• 3 வயதில் பேசுவதில் பெரும்பகுதி வெளியாருக்குப் புரியாமை. ழகரம், றகரம் போன்றவை தாமதமாக வருவது இயல்பே.
• எந்த வயதிலும், பேசிக்கொண்டிருந்த சொற்களை இழத்தல்.

முதற்சோதனை செவித்திறனுக்கே. தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் குழந்தையைக் காட்டலாம்.

தாத்தா பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர், வேலைக்கு வரும் அம்மா எனக் குழந்தையோடு பேச ஆள் இருப்பது பெரும் பேறு. அவர்கள் பேச்சு உங்கள் பேச்சுப்போல் இல்லை என்பதற்காக அவர்களை விலக்காதீர்கள். அவர்கள் பேசட்டும், வேலை முடிந்து வந்து நீங்களும் பேசுங்கள். பிள்ளை இரண்டையும் எடுத்துக்கொள்ளும்.