தோல் கத்திக்குப் பழைய பிளேடு போதும்

பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிப்பது நெல்லைச் சீமைக் கொல்லர்களுக்குப் புதிதல்ல. களக்காட்டில் செருப்பு வாரோ மாட்டுக்குச் சலங்கை வாரோ வெட்டுகிறவர்களுக்கு உலைகூட வேண்டாம். லேத் பட்டறையில் தேய்ந்து கழித்த பவர் ஹாக்ஸா பிளேடு ஒரு துண்டு போதும்.

வாங்குமுன் நடுப்பகுதியில் அரத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் நல்ல எஃகு, கடித்தால் வேண்டாம். கையால் அறுக்கும் பிளேடுகள் பலவற்றில் பல் மட்டுமே கெட்டி, உடம்பு மெதுவு. அதில் கூர் நிற்காது.

முதலில் பற்களைச் சாணையில் தேய்த்துவிடுங்கள். பிறகு முனையைச் சாய்வாக, ஒரு பக்கம் மட்டும் சுமார் 20 பாகையில் சீவுங்கள். மறுபக்கம் தட்டையாகவே இருக்கட்டும். தோலின் ஓரத்தை மெலிதாகச் சீவ அதுதான் வாகு. அடிக்கடி தண்ணீரில் தொட்டெடுங்கள். சாதாரண கார்பன் எஃகு என்றால் விளிம்பு நீலம் பாய்ந்ததும் கெட்டி போய்விடும். ஹைஸ்பீடு எஃகு சூடு தாங்கும், விரல்தான் தாங்காது.

கடைசியில் தோல்பட்டையில் பச்சை பாலிஷ் தடவி, கூரைப் பின்பக்கமாக இழுத்துத் தீட்டுங்கள். பிடிக்குச் சைக்கிள் டியூபைச் சுற்றினால் ஆயிற்று.

இந்த பிளேடு வளையாது, தெறித்து உடையும். கண்ணாடி போடாமல் சாணைப் பக்கம் போகாதீர்கள்.