எழுத்துக் கட்டளையால் இயங்கும் காப்பு ரிலே

ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கடந்து செல்லும் காவிரி, சிவசமுத்திரத்தில் அருவியாக வீழ்கின்றது. அவ்விடத்து மின்நிலையம் 1902-ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பிற்று. இத்தகைய நெடுந்தூரக் கம்பியில் பழுது நேர்ந்தால் அதனை உணர்ந்து சர்க்யூட் பிரேக்கரைத் திறக்கச் செய்யும் கருவியே காப்பு ரிலே. முற்காலத்தில் சுருளும் சுழல்தட்டும் செய்த இவ்வேலையை இக்காலத்தில் நுண்கணிப்பொறி செய்கின்றது.

அதன் சீரியல் போர்ட்டில் கணினியை இணைத்து எழுத்துக் கட்டளைகள் இடலாம். இருபுறமும் வேகம் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஒருபுறம் வினாடிக்கு 9600 பிட்டும் மறுபுறம் 2400 பிட்டுமாயின் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும். ஷ்வைட்சர் நிறுவனத்து ரிலேக்களில் முதற் கடவுச்சொல் அளவீடுகளைப் பார்க்க மட்டுமே இடமளிக்கும். மேல்நிலைக் கடவுச்சொல்லுக்குப் பின் ‘ஓ.பி.ஈ.’ என்று இட்டால், ‘உறுதிதானா?’ என ரிலே வினவும். ஆம் என்றதும் பிரேக்கர் திறக்கும். பல மாதிரிகளில், உள்ளே அதற்குரிய சிறு இணைப்புத் துண்டு பொருத்தப்படாவிடில் கட்டளை ஏற்கப்படாது.

பெரும் மயக்கத்துக்கு இடமுள்ளது இதன் பின்னரே. பிரேக்கர் திறந்ததென்று திரை காட்டுவதால் மட்டும் கம்பி தொடத்தக்கதாகி விடாது. ஐசொலேட்டர் விலகியிருப்பதைக் கண்ணால் கண்டு, மின்னழுத்தமின்மையைச் சோதித்து, எர்த் செய்த பின்னரே வேலை தொடங்குதல் வேண்டும். திறக்கும் கட்டளை வந்த அதே வழியில் மூடும் கட்டளையும் வரக்கூடும்.