பாட்டுப்பெட்டியின் வயது

கொழும்பில் பழைய சாமான் விற்கும் கடைகளுக்குள் ஏறி இறங்குபவர்களுக்கு இரண்டு வகைக் கிராமபோன்கள் கண்ணில் படும். ஒன்று, பித்தளைப் புனலோடு பளபளவென்று கடை வாசலில் நிற்பது. மற்றது, சூட்கேஸ் போல மூடிக் கிடக்கும் கறுப்புப் பெட்டி. அது தூசு படிந்து, மேசைக்கு அடியில், உடைந்த தையல் மெசினுக்குப் பக்கத்தில் கிடக்கும். வருபவர்களில் அநேகர் முதலாவதைத்தான் விலை கேட்பார்கள். நான் தேடுவது இரண்டாவதை. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு அலுமாரிகளுக்கு மேலே இப்போது அப்படி ஆறு பெட்டிகள் இருக்கின்றன. உம்மா அவற்றை "உன்ட சீதனம்" என்று சொல்லிச் சிரிப்பார்.

"இது யுத்த காலத்துப் பெட்டி" என்று சொல்லாத வியாபாரி இல்லை. வீடுகளிலும் அதே பேச்சுத்தான். ஆனால் எந்த யுத்தம்? முதலாவதா, இரண்டாவதா? பெட்டியின் வயதைக் கண்டுபிடிக்கும் வேலை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

கையில் தூக்கிச் செல்லும் கிராமபோன் பெயர் பெற்றது முதலாம் உலக யுத்தத்தில். லண்டனில் இசைக்கருவி வியாபாரம் செய்த பார்னெட் சாமுவேல் நிறுவனம் 1914இல் 'டெக்கா' என்ற பெட்டியை விற்பனைக்கு விட்டது. அதே ஆண்டில் யுத்தமும் மூண்டது. பதுங்கு குழிகளில் நாட்கணக்கில் கிடந்த படையினருக்கு மின்சாரம் தேவைப்படாத, சாவி கொடுத்தால் பாடும் பெட்டி மிகவும் பிடித்துப்போனது. இந்தப் பழைய டெக்காவை அடையாளம் காண்பது சுலபம். மூடியைத் திறந்தால் உட்புறத்தில் கிண்ணம் போல ஓர் உலோக வளைவு இருக்கும். ஒலி அதில் பட்டுத் திரும்பி அறைக்குள் வரும். பிறகு வந்த பெட்டிகளில் புனல் பெட்டியின் அடிப்பாகத்துக்குள்ளேயே மடிந்து மறைந்திருக்கும்.

இலங்கையில் இன்று அதிகமாகக் கிடைப்பவை இந்தப் பிந்திய வகைதான். அவற்றுள்ளும் எச்.எம்.வி. 101, 102 என்ற இரண்டு மாதிரிகள் முக்கியமானவை. 101 வெளிவந்தது 1925இல். 1931இல் அதன் இடத்தை 102 பிடித்தது. அது 1950கள் வரை உற்பத்தியானது. ஆகவே ஒரு பெட்டியின் தகட்டில் 102 என்று இருந்தால், அது 1914 - 1918 யுத்தத்தைப் பார்த்திருக்க வழியில்லை. ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து இரண்டாம் யுத்தத்துக்கு முந்தியதா பிந்தியதா என்றும் சொல்ல முடியாது. அதற்கு வேறு சாட்சிகள் வேண்டும்.

முதல் சாட்சி ஊசியைப் பிடித்திருக்கும் வட்டமான உலோகப் பகுதி. சேகரிப்பவர்கள் அதைச் சவுண்ட் பொக்ஸ் என்பார்கள். அதற்குள் ஒரு மெல்லிய தகடு அதிர்ந்துதான் பாட்டு வருகிறது. பழையவற்றில் அந்தத் தகடு கண்ணாடி போல ஒளி ஊடுருவும் மைக்கா. 1925இல் மின்சார முறையில் ஒலிப்பதிவு தொடங்கிய பின்னர் உலோகத் தகடு மெல்ல மெல்ல அதன் இடத்துக்கு வந்தது. 101இல் வழக்கமாக இருக்கும் 4ஆம் இலக்கச் சவுண்ட் பொக்ஸில் மைக்கா தகடு உண்டு. 102இல் முதலில் 16ஆம் இலக்கமும் பின்னர் 5ஏ, 5பி என்பனவும் வந்தன. அவை உலோகத் தகடு கொண்டவை. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சவுண்ட் பொக்ஸைக் கையாலேயே கழற்றி மாட்டலாம். அறுபது, எழுபது வருடங்களில் எத்தனை கைகள் மாற்றினவோ! அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

அடுத்தது பூச்சு. நிக்கல் பூச்சு சற்று மஞ்சள் கலந்த இளஞ்சூடான வெள்ளை நிறம். குரோமியம் நீலம் கலந்த குளிர்ந்த வெள்ளை. குரோமியப் பூச்சு வியாபாரத்துக்கு வந்ததே 1920களின் பிற்பகுதியில்தான். ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில் ஒரு பழைய நிக்கல் கரண்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி காப்புரிமை எண். பிரித்தானியாவில் 1915 வரை ஒவ்வோர் ஆண்டும் எண்கள் ஒன்றிலிருந்து தொடங்கின. ஆகவே எண்ணோடு ஆண்டையும் சேர்த்து எழுதினார்கள். 1916இலிருந்து 100,001 என்று ஆரம்பித்து ஒரே தொடராகப் போயிற்று. ஏறத்தாழ 1923இல் 200,000, 1928இல் 300,000, 1933இல் 400,000, 1939இல் 500,000 என்ற கணக்கில் வரும். பெட்டியில் பல எண்கள் அச்சாகியிருந்தால் மிகப் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. எவ்வளவு பிந்தியது என்பதை அந்த எண் சொல்லாது.

நம்பக் கூடாத சாட்சிகளும் உண்டு. தட்டில் கிடக்கும் இசைத்தட்டு பெட்டியின் வயதைச் சொல்லாது. எங்கள் வீட்டில் வாப்பாவின் பேனாவை வைத்து மேசையின் வயதைச் சொல்ல முடியுமா? மூடியில் இருக்கும் நாய்ப் படமும் அப்படியே. அந்தப் படம் ஒரு காலத்துக்கு மட்டும் உரியதல்ல.

இனி ஒரு வீட்டுக் கதை. கொட்டாஞ்சேனையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மாமி, தன் வீட்டுப் பெட்டியை விற்கலாமா என்று கேட்டு அழைத்திருந்தார். வீட்டுக் கூரை ஒழுகியது, பணம் தேவைப்பட்டது. "மகள், இது சண்டைக் காலத்துப் பெட்டி. எங்கட மாமி அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்றார். பிள்ளைகள் அதை 1914 என்று எடுத்துக்கொண்டு பெரிய விலை எதிர்பார்த்திருந்தார்கள். தகட்டில் 102. பூச்சுக் குரோமியம். சவுண்ட் பொக்ஸ் 16. சொல்லச் சங்கடமாக இருந்தது, ஆனாலும் 1931க்கு முன் இது இருந்திருக்காது என்று சொன்னேன். மாமியின் முகம் வாடியது.

"எந்த வருசம் வாங்கினது" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அதனால் வேறு விதமாகக் கேட்டேன். குண்டு போட்ட நேரம் இந்தப் பெட்டி எங்கே இருந்தது? மாமி யோசிக்கவே இல்லை. "அக்குறணைக்கு ரயில்ல கொண்டு போன சாமான்ல இதும் ஒண்டு. கண்டி ஸ்டேசன்ல இறக்கக்குள்ள மூலை நசுங்கின கதைய மாமி எத்தின தரம் சொல்லீக்கிறாங்க!" என்றார். பெட்டியின் ஒரு மூலை நசுங்கித்தான் இருந்தது. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியது 1942 ஏப்ரல் 5ஆம் திகதி. துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனையிலிருந்து அப்போது ஏராளமானோர் ஊர்களுக்குப் போனார்கள். ஆக, பெட்டி சொன்ன கீழ் எல்லை 1931, மாமி சொன்ன மேல் எல்லை 1942. அந்தக் குடும்பக் கதை பொய்யல்ல. யுத்தம்தான் வேறு.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். யுத்த காலத்தில் பாடிய பெட்டி பெரும்பாலும் யுத்தத்துக்கு முன் செய்யப்பட்டது. யுத்த ஆண்டுகளில் உலோகமும் தொழிற்சாலைகளும் படைத் தேவைக்குப் போயின. இசைத்தட்டின் மூலப்பொருளான அரக்கும் அருமையாயிற்று. அது முக்கியமாக இந்தியாவிலிருந்து போனது. அமெரிக்காவில் 1942 ஏப்ரலில் இசைத்தட்டுக்கான அரக்கை 70 வீதம் குறைக்கும்படி உத்தரவு வந்தது. பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி, உருக்கிப் புதிய தட்டுகள் செய்தார்கள்.

மாமியிடம் அந்தப் பெட்டியைக் கேட்டவர் ஒரு வியாபாரி. அவருக்கு வேண்டியது உள்ளே இருக்கும் மோட்டரும் சவுண்ட் பொக்ஸும் மட்டும். கடை வாசலில் நிற்கும் பித்தளைப் புனல்காரர்களில் பலர் அண்மையில் செய்யப்பட்டவர்கள். புதுப் பலகை, புதுப் புனல், மேலே ஒட்டிய நாய்ப் படம். உள்ளே மட்டும் இப்படி ஏதோ ஒரு கறுப்புப் பெட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த உறுப்புகள். நூறு வருடப் பழசு என்று விற்பார்கள். ஒரு போலியைச் செய்ய ஒரு அசலை உடைக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்க முடியாதது. மாமியின் பெட்டியைப் பாடும் நிலையிலேயே வைத்துக்கொள்ள விரும்பிய ஒருவருக்கு, வியாபாரி சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலான விலைக்குக் கொடுத்தோம். பெரிய விலை அல்ல. கூரைக்குப் போதுமாக இருந்தது.

உங்கள் வீட்டிலும் வாப்பும்மாவின் கட்டிலுக்குக் கீழே ஒன்று கிடக்கலாம். கண்டால் உடனே சாவியைச் சுற்றிப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் கிறீஸ் இறுகியிருக்கும், அறுந்தால் கையையும் காயப்படுத்தும். கடிகாரம் திருத்தும் ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். பாடத் தொடங்கிய பின், இரும்பு ஊசி ஒன்றை ஒரு பக்கத்துக்கு மட்டும் பாவியுங்கள். தேய்ந்த ஊசி தட்டை உழுதுவிடும். பெட்டியை மூடுமுன் சாவி முழுவதும் இறங்கும் வரை ஓட விடுங்கள். தகட்டைப் பளபளப்பாக்குகிறோம் என்று எண்களைத் தேய்த்து அழித்துவிட வேண்டாம்.

அந்தப் பெட்டி யாருடையது, எந்த ஊர்களுக்கெல்லாம் போனது, எந்த மூலை எப்போது நசுங்கியது என்று பெரியவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் பென்சிலால் எழுதி மூடிக்குள் வைத்துவிடுங்கள். பசை போட்டு ஒட்ட வேண்டாம், பூச்சி வரும்.