பழஞ்சீன வெண்கலக் கலங்கள்: ஒரு வார்ப்புப் பட்டறைப் பார்வை

வெண்கல வார்ப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது சுவாமிமலை. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சூட்டில் மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை அது. மொகஞ்சதாரோவில் 1926-ல் கிடைத்த நடன மங்கையும் மெழுகு முறையில் வார்க்கப்பட்டவள்தான். உயரம் பத்தரை சென்டிமீட்டரே. டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் அவளைக் கண்ட அன்பர்கள் பலர் இருப்பீர்கள். பழஞ்சீனர் வேறொரு வழியில் சென்றார்கள். அது தெரிந்தால் அவர்களுடைய கலங்களின் சித்திர வேலையை நாம் பார்க்கும் விதமே மாறிவிடும்.

ஷாங் மரபினர் ஏறத்தாழ கி.மு. 1600 முதல் கி.மு. 1046 வரை வட சீனத்தை ஆண்டார்கள். அவர்களது கடைசித் தலைநகரம் இன்றைய ஹெனான் மாநிலத்து ஆன்யாங். முன்னோர்க்கு உணவும் மதுவும் படைக்கவே இந்தக் கலங்களைச் செய்தார்கள். திதியும் படையலும் பழகிய நமக்கு இது புதிதல்ல. அங்கே 1976-ல் ஃபூ ஹாவ் என்னும் அரசியின் கல்லறை, கொள்ளை போகாத நிலையில் கிடைத்தது. படை நடத்திச் சென்றவள் என்று அக்கால எலும்பு எழுத்துகள் கூறும் பெண்மணி அவள். கல்லறையில் இருந்த வெண்கலப் பொருள்கள் மட்டும் 468.

இனி வேலை முறையைப் பார்ப்போம்.

1. செய்ய வேண்டிய கலத்தை முதலில் மண்ணில் மாதிரியாகச் செய்வார்கள்.

2. அதன்மேல் ஈர மண்ணை அழுத்தி, அச்சைத் துண்டு துண்டாக அறுத்து எடுப்பார்கள். சித்திரங்களை மாதிரியிலோ அச்சின் உட்புறத்திலோ செதுக்குவார்கள்.

3. மாதிரியைச் சுற்றிலும் சுரண்டினால் அதுவே உட்கரு, அதாவது 'கோர்'. சுரண்டிய கனமே பாத்திரத்தின் கனம்.

4. சுட்ட அச்சுகளைக் கருவைச் சுற்றிப் பொருத்துவார்கள். இடைவெளி மாறாமலிருக்கச் சிறு வெண்கலத் துண்டுகளை நடுவே வைத்து, உலோகத்தை ஊற்றுவார்கள்.

இதில் தொல்லை எங்கே என்பது வார்ப்பு வேலை செய்தவர்க்குத் தெரியும். அச்சுத் துண்டுகள் சேரும் மூட்டில் உலோகம் கசிந்து மெல்லிய தகடாக நிற்கும். ரயில்வே பட்டறையில் நான் பயிற்சி பெற்றபோது, அதை உளியாலும் அரத்தாலும் நீக்குவதே எங்களுக்கு முதல் வேலை. ஒருமுறை நான் அடைத்த மோல்டின் மேல் பாதி சற்றே நகர்ந்துவிட்டது. வார்ப்பு நெடுகப் படி விழுந்து, மொத்தமும் உடைசலுக்குப் போயிற்று. அன்று நான் வாங்கிய திட்டு இன்றும் காதில் இருக்கிறது.

ஷாங் வார்ப்பாளர்க்கும் அதே மூட்டு, அதே கசிவு. அவர்களோ பல கலங்களில் மூட்டு வரும் இடத்திலேயே நிமிர்ந்த முகடு ஒன்றை வேண்டுமென்றே எழுப்பினார்கள். இரண்டு பெரிய கண்கள் விழிக்கும் 'தாவ்தியே' என்ற விலங்கு முகம் அந்த முகடுகளுக்கு இடையே ஒழுங்காக அமர்ந்துகொள்ளும். அதன் பொருள் என்ன என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். முகடு அங்கே ஏன் வந்தது என்பதற்கு மட்டும் பட்டறையே விடை சொல்கிறது. மறைக்க வேண்டிய குறையை அணியாக்கிவிட்டார்கள்!

அவர்களது வேலையின் உச்சம், ஆன்யாங்கில் 1939-ல் கிடைத்த 'ஹோமூவூ' என்னும் நாற்கால் கொப்பரை. உயரம் 133 சென்டிமீட்டர், எடை 832 கிலோவுக்கு மேல். செம்பு ஏறக்குறைய 85 விழுக்காடு, வெள்ளீயம் 12, காரீயம் 3. இவ்வளவு உலோகத்தைப் பல உலைகளில் உருக்கி இடைவிடாமல் ஊற்றியிருக்க வேண்டும். நடுவில் தடைப்பட்டால் கீழே உறைந்ததோடு மேலே வருவது ஒட்டாது. ஜப்பானியர் கையில் சிக்காதிருக்க ஊர் மக்கள் இதை மறுபடியும் மண்ணில் புதைத்தார்கள். 1946-ல்தான் திரும்ப எடுத்தார்கள்.

இன்று இக்கலங்கள் பச்சையாகத் தெரிவது மண்ணில் கிடந்ததால்தான். வார்த்த அன்று பொன்போல் மின்னியிருக்கும்.

கலத்தில் பொறித்த பெயர் அரசியுடையது. வார்த்தவன் பெயர் எங்கும் இல்லை. அடுத்த முறை அருங்காட்சியகம் செல்லும்போது, குழந்தைகளுக்குச் சித்திரத்தைக் காட்டுவதோடு மூட்டு எங்கே என்று தேடவும் சொல்லுங்கள். அவனுடைய கையெழுத்து அங்கேதான் இருக்கிறது.