புருவம் வளரும் வரை

திருமண வீட்டிற்குப் புறப்படுமுன் புருவம் திருத்திக்கொள்வது பெருந்துறை, ஈரோடு வட்டாரத்து முஸ்லிம் இல்லங்களிலும் இன்று பரவிவிட்டது. நூலாலும் சாமணத்தாலும் பிடுங்கிப் பிடுங்கிப் புருவம் கோடாக மெலிந்த பிறகே பலர் வருந்துகின்றனர். அது மீண்டும் வளரும் வரை என்ன செய்வது? தவறை மறைக்கப் போய் அதைவிடப் பெரிய தவறில் விழுந்துவிடக் கூடாது என்பதே இங்கு முக்கியம்.

சட்டம் என்ன?

பச்சை குத்துவோர், முகத்து முடியைப் பிடுங்குவோர், அழகுக்காகப் பற்களை அராவுவோர் ஆகியோரைப் பற்றிய கடும் எச்சரிக்கையை அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. உம்மு யஃகூப் என்ற பெண்மணி அவர்களிடம் வந்து, குர்ஆனில் இது எங்கே உள்ளது என்று கேட்டார். தூதர் தடுத்ததை விட்டு விலகச் சொல்லும் வசனத்தை (59:7) அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். உங்கள் மனைவியிடமே இது உண்டே என்றார் அப்பெண்மணி. போய்ப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தார், அப்படி ஒன்றும் இல்லை. சட்டம் சொல்பவரின் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது இதில் நமக்குள்ள பாடம்.

பெண்ணுக்குத் தாடி, மீசை போல முளைக்கும் முடியை நீக்குவது கூடும் என்று ஹனஃபி நூல்கள் கூறுகின்றன. புருவத்தை மெலித்து உருவை மாற்றுவது வேறு.

நடந்துவிட்டதற்கு

செயலை நிறுத்தி, வருந்தி, இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்வதே தவ்பா. தவ்பா செய்த பெண்ணை மாமியாரோ நாத்தனாரோ கேலி பேசுவது கூடாது.

மறைக்கும் வழிகள்

இன்று அழகு நிலையங்களில் மெல்லிய ஊசியால் தோலுக்குள் மை ஏற்றிப் புருவம் வரைகிறார்கள். பெயர் புதிது, செயல் பச்சை குத்துவதே. பிறருடைய தலைமுடியை ஒட்டிக்கொள்வதும் தடுக்கப்பட்டது. வீட்டிற்குள் கணவருக்காகப் பென்சிலால் தீட்டிக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால் ஒளுவைக் கவனிக்க வேண்டும்.

புருவம் அடர்த்தியாக இருந்தால் மேல்முடி நனைந்தாலே போதும். தோல் தெரியும்படி மெலிந்திருந்தால் தோலிலும் நீர் பட வேண்டும் என்பது ஹனஃபி சட்டம். ஷாஃபி மத்ஹபில் அடர்த்தியாக இருந்தாலும் அடித்தோல் வரை கழுவ வேண்டும். ஆகவே மெழுகுப் பென்சில் நீரைத் தடுக்கும் படலமாகப் படிந்திருந்தால் அதை நீக்கிய பின்பே ஒளுச் செய்ய வேண்டும். வெறும் நிறம் மட்டும் தங்கியிருந்தால் பாதகமில்லை. ஒளுச் செய்த பின் தீட்டிக்கொள்வது எளிய வழி.

மருத்துவம்

புருவ முடி சில வாரங்களே வளர்ந்து, பின் நெடுநாள் ஓய்வு கொள்ளும். எனவே பழைய நிலை வரப் பொதுவாக மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். சிலருக்கு இன்னும் கூடும். இடையில் தாறுமாறாக முளைப்பதைக் கண்டு மீண்டும் சாமணத்தை எடுக்கக் கூடாது. பல ஆண்டுகள் பிடுங்கிய இடத்தில் வேர் கெட்டு, முடி முளைக்காமலே போவதும் உண்டு. விளக்கெண்ணெய் தோலின் வறட்சியைப் போக்கும். முடியை முளைக்க வைக்கும் என்பதற்கு உறுதியான சான்றில்லை. வெங்காயம், பூண்டுச் சாறு கண்ணருகே ஆகாது.

பிடுங்காமலே புருவம் உதிர்ந்தால் அது தைராய்டுக் கோளாறு, புழுவெட்டு, தொழுநோய் ஆகியவற்றின் அறிகுறியாக இருக்கலாம். அத்தகையோரும், ஆறு மாதமாகியும் முளைக்காதோரும் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குறையை நீக்கச் சிகிச்சை பெறுவது படைப்பை மாற்றுவதாகாது. குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்க மூக்குப் பொருத்திக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள்.

சகோதரிகளே! நான்கு மாதப் பொறுமை பெரிதல்ல. அல்லாஹ் தந்த அழகைப் பேணும் நல்லருளை அவன் நமக்குத் தருவானாக! ஆமீன்.