கடப்பாரை இறங்காத மண்ணை நம்பலாமா?

கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் எந்நேரமும் எங்கேயாவது கடைக்கால் தோண்டிக்கொண்டிருப்பார்கள். ஓசூருக்கு சிப்காட் வந்த 1970களில் தொடங்கிய கட்டுமானம் இன்னும் ஓயவில்லை. மண், கல், சாலை பற்றி இந்தப் பக்கத்தில் புழங்கும் சில நம்பிக்கைகளைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

"கடப்பாரையே இறங்கலை, இதுக்கு எதுக்கு ஆழமா அஸ்திவாரம்?" கோடையில் செம்மண் அப்படித்தான் இருக்கும். துகள்களின் இடுக்குகளில் மிச்சமிருக்கும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. அந்தக் கெட்டித்தன்மையில் பெரும்பங்கு இந்தப் பிடிக்குச் சொந்தம். ஐப்பசி மழையில் ஈரம் ஏறினால் பிடி விட்டுப்போகும். இடுக்கு முழுக்கத் தண்ணீர் நிறைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: மேலிருந்து வரும் அழுத்தத்தில் ஒரு பகுதியைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும், மீதம்தான் துகள்களை நெருக்கிப் பிடிக்கும். மண்ணின் வலிமை அந்த மீதத்தைப் பொறுத்தது. 1920களில் கார்ல் டெர்சாகி வகுத்த இந்த விதியில்தான் நவீன மண் இயக்கவியலே நிற்கிறது.

கடப்பாரையைவிட நம்பகமான வழி, துளை போட்டுப் பார்க்கும் சாயில் டெஸ்ட். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுவார்கள். டைல்ஸுக்கு யோசிக்காமல் செலவழிப்பவர்கள் இதற்குத்தான் கணக்குப் பார்க்கிறார்கள்!

பள்ளத்தில் மண்ணைக் கொட்டி ஒரு மழைக்காலம் விட்டால் தானாக இறுகிவிடும் என்பது அடுத்தது. மேல்மண் கொஞ்சம் அமரும், அவ்வளவுதான். அடியில் களிமண் இருந்தால் பல வருடங்கள் மெல்ல மெல்ல அமுங்கும். சுவர் விரிசல் விடுவதும் அப்போதுதான். சரியான முறை, அரையடி முக்காலடி கனத்தில் பரப்பிப் பரப்பி ரோலர் ஓட்டுவது. ஈரமும் அளவாக இருக்க வேண்டும். வறண்ட மண் நெருங்காது, சேற்றில் தண்ணீர் இடத்தை அடைத்துக்கொள்ளும். இந்த அளவைக் கண்டறியும் சோதனையை அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர் 1933இல் வெளியிட்டார். அனுபவசாலி மேஸ்திரிகள் ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பார்ப்பார்கள்: உருண்டை உதிரக் கூடாது, உள்ளங்கை நனையவும் கூடாது.

"கருங்கல்லை எதுவும் அசைக்காது" என்றால் கிருஷ்ணகிரி குவாரிக்காரர்கள் சிரிப்பார்கள். அழுத்தினால் சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோவுக்கு மேல் தாங்கும் கல், இழுவிசையில் பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்குக்கே விட்டுக்கொடுத்துவிடும். வரிசையாகக் குழி போட்டு ஆப்பு இறக்கினால் கோடு பிடித்ததுபோல் பிளப்பது இதனால்தான்.

கடைசியாக, லாரி. பாரம் இரு மடங்கானால் சாலைக்குச் சேதமும் இரு மடங்கு என்பதே பொதுவான கணக்கு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்த சோதனை வேறு கணக்கைச் சொன்னது. அச்சின் மீதான எடை இரு மடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான உச்ச எடையை 2018இல் மத்திய அரசு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. எடை கூடியது எட்டில் ஒரு பங்குதான். அந்தச் சோதனைக் கணக்குப்படி, முழுப் பாரத்தோடு ஜூஜுவாடியைக் கடக்கும் அப்படியோர் அச்சு சாலைக்குச் செய்யும் சேதமோ சுமார் 60 சதவீதம் கூடியிருக்கிறது.